திருகோணமலையிலிருந்து தொடர்பாடல் முதுமாணிக்கு: முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல் படித்து முடித்தவர்கள், பத்திரிகைக்கோ வானொலிக்கோ செய்தி எழுதிக்கொண்டிருப்பவர்கள், தொண்டு நிறுவனங்களில் அறிக்கை, காணொளி என்று வேலை பார்ப்பவர்கள். வெளிநாட்டில் தொடர்பாடல் முதுமாணி படிக்கலாமா என்று நம் ஊரில் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று வகைக்குள் வந்துவிடுவார்கள். எல்லாரும் முதலில் கேட்பது "எந்த நாடு நல்லம்?" என்பதைத்தான். நாட்டை அப்புறம் பார்க்கலாம். எந்தப் படிப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தவறான படிப்பில் சேர்ந்தால் எந்த நாட்டுக்குப் போயும் பயனில்லை.

படிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஊடகம், தொடர்பாடல் என்ற பெயர்ப்பலகையின் கீழே குறைந்தது மூன்று விதமான படிப்புகள் விற்கப்படுகின்றன. ஒன்று ஆய்வு சார்ந்தது: கோட்பாடு, ஆய்வு முறையியல், கடைசியில் பெரிய ஆய்வேடு. இரண்டாவது தொழில் சார்ந்தது: மக்கள் தொடர்பு, பிரசாரத் திட்டமிடல், நிறுவனத் தொடர்பாடல். மூன்றாவது இதழியல்: செய்தி எழுதுதல், ஒலி ஒளிப் பயிற்சி, அந்த நாட்டு ஊடகச் சட்டம்.

பல்கலைக்கழகத் தளத்தில் சிரிக்கிற மாணவர்களின் படங்களைத் தாண்டி, பாட அலகுகளின் பட்டியல் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். கட்டாயப் பாடங்களில் முறையியல் இரண்டு இருந்தால் அது ஆய்வுப் படிப்பு. ஆய்வேட்டுக்குப் பதிலாக ஒரு நிறுவனத்துக்குத் திட்டம் தயாரித்துக் கொடுக்கச் சொன்னால் அது தொழிற்படிப்பு. திரும்பி வந்து வளாகத்தில் விரிவுரையாளராக வேண்டும் என்று நினைப்பவர் ஆய்வுப் பகுதி வலுவாக உள்ளதையே எடுக்க வேண்டும். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டத்திலும் இருக்கின்றன. ஓராண்டில் முடிகிற படிப்பு வசதியானதுதான், ஆனால் ஊரில் அது எந்த மட்டத்தில் கணக்கெடுக்கப்படும் என்று போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதழியல் படிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே ஆங்கிலத்தில் அன்றாடம் செய்தி எழுதி, அந்த ஊர் மக்களிடம் பேட்டி எடுக்க வேண்டியிருக்கும். ஆங்கிலம் இன்னும் தட்டுத்தடுமாறும் ஒருவருக்கு அது பெரிய சுமை. அவருக்கு ஆய்வுப் படிப்பு சற்று இரக்கம் காட்டும். வாசிக்கவும் திருத்தி எழுதவும் அதில் நேரம் கிடைக்கும்.

உங்கள் முதல் பட்டம் மூன்றாண்டுப் பட்டமா, நான்காண்டுச் சிறப்புப் பட்டமா என்பதையும் கவனியுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில நான்காண்டு கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் பணம் மிஞ்சும்.

நாடும் பணமும்

பிரித்தானியாவில் படிப்பு ஓராண்டு. கட்டணம் பெரும்பாலும் 20,000 பவுணுக்கும் 30,000 பவுணுக்கும் இடையில். ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆங்கிலத்திலேயே படிக்கக்கூடிய தொடர்பாடல் முதுமாணி அங்கே குறைவு, ஆனால் இருக்கிறது. இல்மனாவு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒன்று உண்டு. பொன் நகரில் டொயிச்ச வெல்ல அக்கடமி நடத்தும் பன்னாட்டு ஊடகக் கற்கை, நம்மைப் போன்ற நாடுகளில் ஊடகத்தில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்களைத் தேடுகிற படிப்பு.

அமெரிக்காவில் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனாலும் அங்கே ஒரு வழி இருக்கிறது. பல தொடர்பாடல் துறைகள் முதலாண்டு மாணவர்களுக்கு மேடைப்பேச்சுப் பாடம் நடத்துகின்றன. அந்த வகுப்புகளை எடுக்க முதுமாணி மாணவர்களையே உதவி ஆசிரியர்களாக வைத்துக்கொண்டு, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப்படியும் கொடுக்கின்றன. பாடசாலைக் காலத்தில் ஆங்கில விவாத மேடை ஏறியவர், ரியூஷன் வகுப்பு எடுத்தவர் அதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுத வேண்டும். நாம் சின்ன விஷயமென்று விட்டுவிடுகிற அனுபவம் அங்கே தகுதியாக எண்ணப்படும்.

பக்கத்தில் இந்தியாவும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல், தொடர்பாடல் துறை உண்டு. செலவும் மிகக் குறைவு. சேருமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: பெயர்பெற்ற ஊடகக் கல்லூரிகள் சில கொடுப்பது முதுநிலை டிப்ளோமா. பயிற்சி தரமாக இருக்கலாம், ஆனால் அது முதுமாணிப் பட்டமாகாது.

ஏஜென்சிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "ஆலோசனை இலவசம்" என்று பதாகை வைத்திருப்பார்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரகு கொடுக்கிறது. தரகு கொடுக்காத இடங்களைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. ஜேர்மன் அரச பல்கலைக்கழகங்களும் புலமைப்பரிசில்களும் அங்கே பேச்சில் அடிபடாமல் போவதற்குக் காரணம் இதுதான். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் போங்கள். எங்கே படிப்பது என்ற முடிவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

ஆவணங்கள்: பெயரில் இருந்து தொடங்குங்கள்

நம் பிள்ளைகளுக்கு அதிகம் தொல்லை கொடுப்பது பெயர். க.பொ.த. சான்றிதழில் முதலெழுத்தோடு "சி. கவிதா" என்றிருக்கும். பட்டச் சான்றிதழில் "கவிதா சிவலிங்கம்", கடவுச்சீட்டில் "சிவலிங்கம் கவிதா". ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு ஆவணத்துக்கு ஆவணம் மாறும். ஒன்றில் இரண்டு எச் இருக்கும், இன்னொன்றில் ஒன்று. ஊரில் யாரும் கண்டுகொள்ளாத இந்த வேறுபாட்டை விசா அதிகாரி இரண்டு வெவ்வேறு ஆட்களாகப் பார்க்கக்கூடும்.

எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். முடியாததற்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கூற்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது எந்த இடத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் வவுனியாவிலோ பத்தரமுல்லையிலோ முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

பட்டச் சான்றிதழும் பாடவாரியான பெறுபேற்றுப் பட்டியலும் வளாகத்திலிருந்து எடுக்க வேண்டும். பட்டமளிப்பு விழா நடக்கவில்லை என்றால், பட்டம் முடித்ததற்கான தற்காலிகக் கடிதம் கேளுங்கள், பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில்தான் இருக்கும். பெற்றோர் கணக்கில் பணம் காட்டப்போகிறீர்கள் என்றால் உறவை நிரூபிக்க அது தேவை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பெயர்ப்பு எடுங்கள். வெளிநாட்டு அமைச்சின் சான்றுறுதி கேட்கும் நாடுகளும் உண்டு. அதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, நம் மாவட்டச் செயலகத்திலேயே கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கேட்காத இடத்துக்குச் சான்றுறுதி எடுத்துச் செலவழிக்க வேண்டாம். விண்ணப்ப நிலையில் பெரும்பாலும் ஸ்கேன் பிரதியே போதும்.

ஆங்கிலப் பரீட்சை: தொடர்பாடல் படிப்புகளுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். மொத்தம் 6.5 என்பது பொதுவான அளவு. இதழியலுக்கு 7 கேட்பார்கள், எழுத்துப் பகுதியில் தனியாகவும் ஓர் அளவு வைப்பார்கள். பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். எழுத்தில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள், ஆகவே தினமும் ஒரு கட்டுரை எழுதி யாரிடமாவது திருத்தி வாங்குங்கள். பட்டப்படிப்பை ஆங்கில மொழிமூலம் முடித்தவருக்கு வளாகம் தரும் மொழிமூலக் கடிதத்தையே சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும்.

நோக்கக் கடிதம்: ஊரை மறைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். சேர்க்கைக் குழுவின் மேசையில் பெறுபேறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆளை வேறுபடுத்துவது, ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் இந்த ஒன்றிரண்டு பக்கங்கள்தான்.

பலரும் இப்படித் தொடங்குகிறார்கள்: "சிறு வயதிலிருந்தே எனக்கு ஊடகத்தின் மீது தீராத ஆர்வம். உலகமயமாக்கல் காலத்தில் தொடர்பாடல் மிக முக்கியமானது." எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதக்கூடிய வரிகள். இவற்றை வெட்டிவிட்டு, நீங்கள் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வியை அந்த இடத்தில் வையுங்கள்.

உதாரணமாக, மூதூர்ப் பக்கத்தில் கடலுக்குப் போகிற ஒருவர் காலநிலை எச்சரிக்கையை எங்கிருந்து அறிகிறார்? வானொலியிலா, பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலா, வட்ஸ்அப் குழுவில் வரும் குரல்பதிவிலா? இவற்றில் எது சொன்னால் படகைக் கரையில் ஏற்றுகிறார், எதைக் கேட்டுவிட்டுப் போயே தீருகிறார்? 2004 டிசம்பர் சுனாமியைப் பார்த்த கரை இது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எச்சரிக்கைகள் எந்த மொழியில், எந்த நேரத்தில், யார் வழியாக வெருகலுக்கும் மூதூருக்கும் வந்து சேர்ந்தன? பேரிடர்த் தொடர்பாடல் என்பது உலகம் முழுவதும் பாடமாக நடத்தப்படுகிற துறை. அதற்கான கேள்விகள் உங்கள் வீட்டு வாசலில் கிடக்கின்றன.

இன்னொரு உதாரணம் கனமானது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் சுடப்பட்டே இறந்தார்கள் என்பதைக் காட்டிய படங்களை எடுத்தவர் சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு படம் எப்படிச் சாட்சியாகிறது, சிறு ஊரில் செய்தி சேகரிப்பவரின் பாதுகாப்பு யார் பொறுப்பு, அச்சம் நிலவிய காலத்தில் செய்தி எப்படிப் பரவியது என்று ஆராய விரும்புபவருக்கு இதைவிட நெருக்கமான தொடக்கம் எங்கே கிடைக்கும்? அனுதாபம் தேடி எழுதக்கூடாது. நடந்ததைத் திகதியோடு இரண்டு வரியில் சொல்லி, அதிலிருந்து எழும் கேள்விக்குப் போய்விடுங்கள்.

சின்ன ஊரை வைத்து எழுதினால் பெரிய பல்கலைக்கழகம் மதிக்குமா என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஊடகம் எதை முக்கியமென்று காட்டுகிறதோ அதையே மக்களும் முக்கியமென்று கருதுகிறார்கள் என்ற கருத்தை, முதல் வாரங்களிலேயே உங்களுக்குப் பாடமாக நடத்துவார்கள். மக்கோம்ஸ், ஷோ என்ற இரு ஆய்வாளர்கள் அதை முதலில் சோதித்தது அமெரிக்காவின் வட கரோலினாவில், சப்பல் ஹில் என்ற சிறிய பல்கலைக்கழக நகரில். ஆண்டு 1968. பேட்டி கண்டது 100 வாக்காளர்களை. அவ்வளவுதான். அந்த ஊர் போதுமென்றால் நம் ஊரும் போதும்.

மொழியையும் மறக்காமல் எழுதுங்கள். தமிழும் ஆங்கிலமும் தெரியும், சிங்களமும் வாசிக்க வரும் என்றால், ஒரே சம்பவத்தை மூன்று மொழிச் செய்திகளும் எப்படிச் சொல்கின்றன என்று மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே உங்களால் ஒப்பிட முடியும். அந்த வகுப்பில் வேறு யாருக்கும் அது கைவராது.

கடிதத்தின் பிற்பகுதியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருடைய ஆய்வு உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறது, எந்தப் பாட அலகு எதற்கு உதவும் என்று குறிப்பாக எழுதுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எல்லா இடத்துக்கும் அனுப்பினால் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் இரண்டு கேட்பார்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்கள் ஆய்வுக் கட்டுரையை வாசித்துத் திருத்திய விரிவுரையாளர் எழுதுவதே எடுபடும். கடைசித் திகதிக்கு ஒன்றரை மாதம் முன்பே போய்க் கேளுங்கள். "சேர், உங்களிடம் படித்த பாடம், நான் செய்த வேலை, விண்ணப்பிக்கிற படிப்பு எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்" என்று கையில் கொடுத்தால் அவருக்கும் இலகு. கடிதம் அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலில் இருந்து போக வேண்டும். ஜிமெயில் முகவரியை ஏற்காத இடங்கள் உண்டு.

புலமைப்பரிசில்களுக்கு ஓராண்டு முன்பே

செப்டெம்பரில் படிப்பு என்றால் அதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்டிலேயே வேலை தொடங்க வேண்டும். பிரித்தானியாவின் செவனிங் பெரும்பாலும் ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் தொடக்கத்தில் மூடும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும், மணிக்கணக்கில் 2,800. பகுதிநேர வேலையும் தன்னார்வப் பணியும் அதில் சேரும். முடித்த பிறகு இரண்டு ஆண்டுகள் நாடு திரும்பி இருக்க வேண்டும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் இதழியல், ஊடகம், உலகமயமாக்கல் பற்றிய இரண்டாண்டு முதுமாணி ஒன்று இருக்கிறது. முதலாண்டு டென்மார்க்கின் ஆர்ஹுஸில், இரண்டாமாண்டு வேறொரு நாட்டில். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் மூடிவிடும். அமெரிக்காவுக்குப் புல்பிரைட், அவுஸ்திரேலியாவுக்கு அவுஸ்திரேலியா அவார்ட்ஸ். நேர்முகத் தேர்வில் ஊரையும் வேலையையும் பற்றியே அதிகம் கேட்பார்கள். நோக்கக் கடிதத்தை உண்மையாக எழுதியவருக்கு அங்கே புதிதாகத் தயாராக ஒன்றுமில்லை.

விசாவுக்குப் பணம் காட்டுவது

பிரித்தானியாவுக்கு, கட்ட வேண்டிய மீதிக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவும் காட்ட வேண்டும். 2025 நவம்பரில் இருந்து லண்டனுக்கு மாதம் 1,529 பவுண், வெளியே 1,171. கணக்கிடுவது அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு: லண்டன் 13,761, வெளியே 10,539. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக்கூடாது. அவசரத்துக்கு அம்மா கொஞ்சம் எடுத்து இரண்டு நாளில் திரும்பப் போட்டாலும் 28 நாள் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். நாணய மாற்று விகிதம் ஆடும் என்பதால் தேவைக்கு மேலே கொஞ்சம் கூட்டியே வையுங்கள். மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண் தனி. காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும்.

ஜேர்மனிக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் எடுக்கலாம். கட்டணம் அனுப்ப உங்கள் வங்கியில் மாணவர் கோப்பு ஒன்று திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் வேலை முடியும்.

நகையையும் காணியையும் அடகு வைத்துப் போகிற குடும்பங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பகுதிநேர வேலை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவும், கட்டணத்தை அதில் கட்டிவிட முடியாது. பிரித்தானியாவில் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரமே வேலை செய்யலாம். ஊடகக்காரர்களுக்கு இன்னொரு வேலியும் உண்டு. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. பத்திரிகைகளுக்குச் சுயாதீனமாக எழுதிச் சம்பளம் வாங்குவது, யூரியூப் சனலில் வருமானம் எடுப்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஊரில் சனல் நடத்திச் சம்பாதிப்பவர் புறப்படுமுன் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் பிரிவிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

விடுதிக்கு, அனுமதி கிடைத்த அன்றே விண்ணப்பியுங்கள். வீட்டைப் பார்க்காமல் முற்பணம் அனுப்பாதீர்கள். நம் ஆட்கள் இருக்கும் வட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தால், யாராவது நேரில் போய்ப் பார்த்துச் சொல்வார்கள்.

வகுப்பில் பெரிய மாற்றம் பேச்சுதான். விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்த பழக்கம் அங்கே பாதி வழிக்குத்தான் வரும். வாராவாரம் கட்டுரைகள் வாசித்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் வாசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கேள்வியை எழுதிக் கொண்டுபோய், முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போகத் தயக்கம்தான் கூடும். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கூப்பிடுங்கள், அங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது. அவருடைய கருத்தை மறுத்துப் பேசுவதும் அப்படித்தான், காரணம் சொன்னால் போதும்.

மற்றவரின் வரிகளை மேற்கோள் இல்லாமல் எடுத்தால் மென்பொருள் காட்டிக்கொடுக்கும், தண்டனையும் கடுமை. முதல் வாரத்திலேயே நூலகத்தில் நடக்கும் மேற்கோள் பயிற்சிக்குப் போய்விடுங்கள்.

ஆய்வேட்டுக்கு ஊருக்கு வந்து பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். நம் பகுதியில் பேட்டி கொடுப்பவருக்கு வரக்கூடிய சிக்கல்கள் அந்தக் குழுவுக்குத் தெரியாது, நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்னக் கிராமத்தில் தொழிலையும் வயதையும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒலிப்பதிவுகளைக் கடவுச்சொல் போட்ட கோப்பில் வையுங்கள், பெயர்ப் பட்டியலை வேறோர் இடத்தில் வையுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே எழுதி, வீட்டில் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் "அப்படியெண்டால் என்ன?" என்று கேட்கிற வரிகளை மாற்றிய பிறகு மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள்.